இடது பக்கம்

ஓலைத்தொடுவாய்,
06.10.2024

அன்புள்ள றொட்னிக்கு,

இயேசுவின் சமாதானம் உங்களோடு இருக்கட்டும். நானும் மாமியும் நல்ல சுகம். மாமியின் முழங்கால் மட்டும் வழமைபோல மழைக்கு முன்னமே மழையை அறிவிக்கிறது. உங்கள் சுகத்தை ஒளிக்காமல் எழுதுங்கள்.

பாதர் சொன்னபடி முதல் கடிதத்தை நான்தான் எழுதுகிறேன். தம்பதியர் தியானத்தில் அவர் என்ன சொன்னார்? "தூர இருக்கிற புருசன் பெண்சாதி போனிலை சண்டை பிடியுங்கோ, பரவாயில்லை. மனசிலை கிடக்கிறதைக் கடிதத்திலை எழுதுங்கோ. கடிதத்திலை கேட்டதுக்குக் கடிதத்திலைதான் மறுமொழி, போனிலை வாய் திறக்கப்படாது." நீங்கள் கோயிலின் கடைசி வாங்கில் இருந்து பெரிய பக்திமான் மாதிரித் தலையாட்டினீர்கள். நான் கண்டேன். எங்களுக்கு அதுதான் வசதியும்கூட. சிக்னல் பிடிக்க நான் கடற்கரையில் மீன் வாடிக்கு முன்னால் போய் நிற்க வேணும், அங்கே வலை பொத்துகிற அத்தனை பேரும் காதைத் தீட்டிக்கொண்டு இருப்பார்கள். இதைத் தாராபுரத்து நௌஷாட் நானா மீன் லொறியில் கொண்டுவந்து உங்கள் கையில் தருவார். கடிதத்தில் மீன் வாடை அடித்தால் என்னைக் குறை சொல்ல வேண்டாம்.

நாடகம் பழக்குகிற வலன்ரைன் அண்ணாவி வந்துபோனார். வருகிற பெரிய வெள்ளிப் பாஸ் நாடகத்தில் நீங்கள்தான் இயேசுவாக நடிக்க வேணுமாம். "அந்தக் குரலுக்கும் முகவெட்டுக்கும் வேறை ஆர் இருக்கினம்?" என்று கேட்டார். மாமி சிரித்துக்கொண்டே, "அவன் இந்தமுறையும் பிலாத்துதான்" என்றார். பிலாத்துவின் அங்கி அலுமாரிக்குள்தான் கிடக்கிறது. கழுத்துவரை மூடின அங்கி. இயேசுவுக்கு இடுப்புத்துணி மட்டும்தான்.

நீங்கள் ஏன் ஒவ்வொரு வருசமும் மாட்டேன் என்கிறீர்கள் என்று அண்ணாவிக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். உங்கள் நெஞ்சு பெண்பிள்ளையின் நெஞ்சு மாதிரித் திரண்டது என்றுதானே? கிணற்றடியிலும் சட்டையோடு குளிக்கிற ஆளை நான் இது பற்றி ஒருநாளும் கேட்டதில்லை. கேட்க ஒன்றும் இருப்பதாகவும் எனக்குப் படவில்லை.

கேட்க வேண்டியது வேறொன்று. அடுத்த கிழமை முழுக்கப் போன் எடுக்க ஏலாது என்று முந்தநாள் சொன்னீர்கள். அப்படி என்ன வேலை? கடிதத்தில் கேட்டுவிட்டேன். மறுமொழி வேணும்.

உங்களுக்காகச் செபிக்கும்,
றொஷேல்


கொழும்பு,
24.10.2024

அன்பின் றொஷேலுக்கு,

உமது கடிதம் ஐஸ் பெட்டிக்கு மேல் குந்தியிருந்து ஈரமாக வந்து சேர்ந்தது. கடவுள் கிருபையால் நான் சுகம். நீரும் அம்மாவும் அவ்வாறே இருக்க வேண்டுகிறேன்.

மறுமொழி பிந்தியதற்குக் கோபிக்க வேண்டாம். மீன் கம்பனி ஐஸ் அறையில் மெஷின் பழுதாகி எல்லாரும் அதோடு நின்றோம். போனை எடுக்க வசதிப்படவில்லை. இங்கே நாளும் பொழுதும் மழை. பாரை மீன் வரத்துக் குறைவு, சூடைதான் குவிகிறது.

அண்ணாவியிடம் நான் ஓம் என்று சொன்னதாகச் சொல்லும். இயேசுவாக நடிக்கிறேன். தாடியை விட்டுவிட்டேன்.

கல்லறைத் திருநாளுக்கு வர ஏலாது. அப்பாவின் கல்லறையில் எனக்காகவும் ஒரு மெழுகுதிரி கொளுத்தும்.

ஒரு உதவி. முன்பக்கம் பொத்தான் வைத்த சேட், தளர்வாக, இரண்டு தைத்து நௌஷாட் நானாவிடம் கொடுத்துவிடும். ரீசேட் வேண்டாம். தலைக்கு மேலால் போடுகிற எதுவும் வேண்டாம். இங்கே ஒரே வெக்கை.

எழுத்துக் கோணலாக இருந்தால் சிரிக்க வேண்டாம். படுத்திருந்து எழுதுகிறேன்.

அன்புடன்,
றொட்னி


ஓலைத்தொடுவாய்,
08.11.2024

அன்புள்ள றொட்னிக்கு,

ஆண்டவர் உங்களைக் காப்பாராக. நாங்கள் சுகம். நீங்கள் சுகமோ என்று கேட்கிறேன், இந்தமுறை சும்மா வழக்கத்துக்காகக் கேட்கவில்லை.

மாமாவின் கல்லறைக்கு வெள்ளை பூசி, பூ வைத்து, மெழுகுதிரி கொளுத்தினோம். உங்கள் திரியைக் காற்று இரண்டுமுறை அணைத்தது. மாமி முகம் சுருங்கிப்போனார். நான் மூன்றாம் முறையும் கொளுத்தினேன். மனசுக்குள் உங்கள் கடிதத்தைத் திருப்பித் திருப்பி வாசித்தேன். நாளும் பொழுதும் மழை என்று ஓரிடம், ஒரே வெக்கை என்று இன்னோரிடம். கொழும்பில் என்ன, இரண்டு வானமோ?

நௌஷாட் நானாவிடம் வாயைக் கொடுத்துப் பார்த்தேன். அவர் பொய் சொல்லத் தெரியாத மனுசன். "தங்கச்சி, உங்கட ஆள் இப்ப ஒரு பெட்டியும் தூக்குறாரு இல்ல. கதிரையில இருந்து எழுதுற வேலதான். நான் தோளில தட்டப் போனன், மனுசன் நெருப்புச் சுட்ட மாதிரி விலகிட்டாரு" என்றார். ஒரு கையால் இரண்டு பெட்டி தூக்குகிற ஆள் நீங்கள்.

அதுவும் போகட்டும். ஊறுகாய்ப் போத்தல்களைத் திருப்பி அனுப்பினீர்களே, அந்தப் பைக்குள் ஒரு உடுப்புக் கிடந்தது. கறுப்பு நிறம், கையில்லை, இழுத்தால் ரப்பர் மாதிரி இழுபடுகிறது. முன்பக்கம் ஒரு வரிசை கொழுக்கி, அதற்கு மேல் சிப். முதல்நன்மை உடுப்பில் இருந்து கலியாண உடுப்புவரை ஊருக்கெல்லாம் தைக்கிறவள் நான். பெண்பிள்ளைகள் சட்டைக்குள் போடுகிறது எது என்று எனக்கு ஒருவரும் படிப்பிக்கத் தேவையில்லை.

மாமிக்குக் காட்டவில்லை. தையல் மெஷின் லாச்சிக்குள் வைத்துப் பூட்டியிருக்கிறேன். பெரிய மாதாவுக்கு நேர்ந்துகொண்டு கேட்கிறேன், அதைப் போடுகிறவள் ஆர்?

சேட் இரண்டும் இதனோடு வருகிறது. தளர்வாகத்தான் தைத்திருக்கிறேன். யாருடைய விரல் பொத்தான் போடுகிறதோ தெரியாது.

றொஷேல்


கொழும்பு,
15.11.2024

அன்பின் றொஷேலுக்கு,

சுகம். நீரும் சுகமாக இரும். முதலில் ஒரு மிடறு தண்ணீர் குடித்துவிட்டு இதை வாசியும்.

அது பெண்ணின் உடுப்பு இல்லை. எனக்கு இடுப்பில் நாரிப்பிடிப்பு. டொக்டர் தந்த பெல்ட் அது. பையைக் கட்டினவன் என்னோடு அறையில் இருக்கிற டிலோஜன், கொடியில் காய்ந்த எல்லாவற்றையும் அள்ளிப் போட்டுவிட்டான். பாரம் தூக்காததும் நாரியால்தான். உமக்குச் சொன்னால் பயப்படுவீர் என்று விட்டேன். உம்மைச் சி.ஐ.டி.யில் எடுக்காதது நாட்டுக்கு நட்டம்.

சேட் இரண்டும் அளவு. பொத்தான் நான்தான் போடுகிறேன்.

அந்த பெல்ட்டை நௌஷாட் நானாவின் அடுத்த லொறியிலேயே அனுப்பிவிடும். இன்னும் சில கிழமை போட வேணும். மறக்க வேண்டாம்.

அன்புடன்,
றொட்னி


ஓலைத்தொடுவாய்,
25.11.2024

அன்புள்ள றொட்னிக்கு,

இயேசு மரி சூசை துணை. மாமிக்குச் சளி, எனக்குச் சுகம். உங்கள் நாரி எப்படி?

நாரிக்குப் போடுகிற பெல்ட் ஏன் நெஞ்சுக்கு ஏறிக் குந்தியிருக்கிறது? முழுப் பூசணிக்காயைச் சோற்றுக்குள் மறைக்கிறதென்றால் சோறாவது கூடப் போட வேணும்.

லாச்சியைத் திறந்து அதை அளந்து பார்த்தேன். தோள் அகலம் உங்கள் சேட்டின் அளவு. நெஞ்சுக்கு மடிப்பு விடவேயில்லை, பலகை மாதிரித் தட்டை. இதை ஒரு பெண்பிள்ளை போட்டால் மூச்சு முட்டிச் சாவாள். அதனால் பெண்பிள்ளை என்ற சந்தேகத்தில் பாதியை விட்டுவிட்டேன். விட்ட இடத்தில் அதைவிடப் பெரிய சந்தேகம் வந்து ஏறிக்கொண்டது.

போன ஞாயிறு உப்புக்குளத்துக்கு அம்மாவைப் பார்க்கப் போனேன். பக்கத்து வீட்டுச் சரவணமுத்தர் படலையில் நின்று கதைத்தார். "கொழும்புக்குப் போய்ப் பாரம் தூக்கேலாமல் வாறவன் எல்லாம் சிறுநீரகத்தைக் குடுத்திட்டு வாறவன்தான் பிள்ளை. வெளிநாட்டுக்குப் போறதெண்டால் இப்ப அதுதான் வழி" என்றார். அவர் வேறு ஆரையோ பற்றித்தான் சொன்னார். நான் வரும் வழி முழுக்க உங்கள் கணக்கைக் கூட்டிப் பார்த்தேன். படுத்திருந்து எழுதின கடிதம், தலைக்கு மேலால் போட ஏலாத சட்டை, இறுக்கிக் கட்டுகிற உடுப்பு. எல்லாம் ஒன்றுக்கு ஒன்று பொருந்துகிறதே.

கொடுத்துவிட்டீர்களோ? எந்தப் பக்கம்? என்னைக் கேட்காமல் உங்கள் உடம்பில் இருந்து ஒன்றை எடுக்க யார் உங்களுக்குச் சொன்னது?

உடுப்பைத் தோய்த்து, காய வைத்து, மடித்து அனுப்புகிறேன். எதற்கென்று தெரியாவிட்டாலும் உங்களுக்கு அது வேணும் என்று தெரிகிறது. மார்கழியில் நத்தார்த் திருநாளுக்கு வாங்கோ. வந்து சட்டையைக் கழற்றிக் காட்டுங்கோ. அதுவரை நான் நித்திரை கொள்ளப்போவதில்லை.

றொஷேல்


ஓலைத்தொடுவாய்,
09.01.2025

அன்புள்ள றொட்னிக்கு,

புது வருசம் உங்களுக்கு ஆசீர்வாதமாக இருக்கட்டும். மாமி நல்ல சுகம். நீங்கள் கொண்டுவந்த கேக்கின் கடைசித் துண்டைக்கூட எனக்கு மிச்சம் வைக்கவில்லை.

என் கார்த்திகைக் கடிதத்துக்கு எழுத்தில் மறுமொழி வரவில்லை, ஆள்தான் வந்தது. அதைக் குறையாகச் சொல்லவில்லை. நத்தார் மத்தியானம் மாமி கண்ணயர்ந்த நேரம் நீங்கள் யன்னலைச் சாத்தினீர்கள். வெளியே பெடியள் வெடி கொளுத்திக்கொண்டிருந்தார்கள். நான் தைத்த சட்டையின் பொத்தான்களை நீங்களே கழற்றினீர்கள். கலியாணம் முடித்து மூன்றாம் வருசத்தில், பகல் வெளிச்சத்தில், உங்கள் நெஞ்சை முதன்முதலாகக் கண்டேன். மற்ற ஆம்பிளைகளின் நெஞ்சு மாதிரித் தட்டையாக இருந்தது. முலைக்காம்புக்குக் கீழே நகம் பட்டது மாதிரி வளைந்த மெல்லிய தழும்பு, இரண்டு பக்கமும்.

"ஒக்டோபரிலை ஆசுப்பத்திரியிலை நெஞ்சுச் சதையை வெட்டி எடுத்தவை. அந்தக் கறுப்பு உடுப்பு காயத்தை அமத்திப் பிடிக்க. உமக்கு முதலே சொன்னால் வேண்டாம் எண்டு சொல்லுவீர். நீர் சொன்னால் நான் கேட்டிடுவன்" என்றீர்கள்.

உண்மைதான். வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன்.

நான் அழுதது எதற்கென்று நீங்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். சிறுநீரகம் இரண்டும் இருக்கிறது, வேறொருத்தி இல்லை என்ற சந்தோசத்தில் அழுதேன். மாதாவுக்கு ஒரு கட்டு மெழுகுதிரி கொடுத்தேன்.

ஆனால் பாதர் மனசில் கிடக்கிறதை எழுதச் சொன்னார். இதைப் போனில் சொல்ல எனக்கு வாயும் வராது.

கலியாணம் முடித்த நாளில் இருந்து நான் உங்கள் நெஞ்சில், இடது பக்கம், கை வைத்துத்தான் நித்திரை கொள்ளுகிறேன். அங்கே என் விரல் பட்டால் உங்கள் மூச்சு மாறும். இருட்டிலும் எனக்குக் கேட்கும். அது நான் ஒருத்தி மட்டும் அறிந்த விசயம் என்று எனக்குள் ஒரு பெருமை இருந்தது. அன்று மத்தியானமும் கை வைத்தேன். நீங்கள் கூரையைப் பார்த்துக்கொண்டு, ஓடு இரண்டு மாற்ற வேணும், சலாகையும் உக்கிப்போயிற்று என்று கதைத்துக்கொண்டே போனீர்கள். என் கை அங்கே கிடந்தது. கதவில் வைத்த கை மாதிரி. வலது பக்கம் விரல் போனதுதான் தாமதம், கையைப் பிடித்துத் தள்ளிவிட்டீர்கள்.

அன்றைக்கு மட்டுமில்லை, நீங்கள் நின்ற நாள் எல்லாம் அப்படித்தான்.

சட்டை கழற்ற வெட்கப்பட்ட ஆளுக்கு நான் போதும். வெட்கம் போன ஆளுக்கு நான் காணாதோ? கோபத்தில் கேட்கவில்லை. பயத்தில் கேட்கிறேன்.

றொஷேல்


கொழும்பு,
02.02.2025

அன்பின் றொஷேலுக்கு,

நான் சுகம். நீர் சுகமாக இருப்பீர் என நம்புகிறேன். அம்மாவின் முழங்காலுக்கு எண்ணெய் ஒன்று அனுப்புகிறேன், சூடாக்கித் தடவும்.

நீர் எழுதியதை வாசித்தேன். பயணக் களைப்பு, வேறொன்றுமில்லை. வலது பக்கம் காயம் ஆறுகிற நேரம், துணி பட்டாலே சுள்ளென்கிறது. அதனால் கையைத் தள்ளியிருப்பேன். மன்னியும்.

உமக்கு ஒன்று சொல்ல வேணும். கரைவலை இழுக்கிற காலத்தில் நான் மட்டும் சட்டையோடு நிற்பேன். சட்டை நனைந்தால் உடம்போடு ஒட்டும். அப்போதுதான் பெடியள் "அக்கா, பாத்து இழுங்கோ" என்று கத்துவார்கள். வலைச் சொந்தக்காரச் சம்மாட்டியும் சேர்ந்து சிரிப்பார். கடலை விட்டு ஐஸ் அறைக்கு நான் ஓடிவந்தது அதனால்தான். இங்கே எல்லாரும் தடித்த ஜக்கெற் போட வேணும், ஒருவரும் ஒருவரையும் பார்ப்பதில்லை. இந்த முறை கொல்கொதாவில் சட்டையில்லாமல் நிற்கும்போது அந்தப் பெடியள் முன்வரிசையில் இருக்க வேணும் என்று ஆசைப்படுகிறேன். பாவமான ஆசையோ தெரியாது.

மாசி கடைசியில் ஒத்திகைக்கு வருகிறேன்.

அன்புடன்,
றொட்னி


ஓலைத்தொடுவாய்,
17.03.2025

அன்புள்ள றொட்னிக்கு,

தபசுகாலம் உங்களுக்கு நல்லதாக அமையட்டும். வீட்டில் சுகத்துக்குக் குறைவில்லை.

போன மாதம் வந்தீர்கள், இந்த மாதமும் வந்துபோனீர்கள். இரண்டுமுறையும் சட்டையோடு படுத்தீர்கள். நான் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் சனிக்கிழமை ஒத்திகையில் நடந்ததைக் கேட்காமல் விடமாட்டேன்.

சேவகர்கள் போர்த்துகிற செவ்வங்கிக்குக் கரை மடித்துக் குண்டூசி குத்தியிருந்தேன். ஒன்றை எடுக்க மறந்துபோனேன், அது என் பிழை. அவர்கள் அங்கியை இழுத்துப் போர்த்திய நேரம் ஊசி உங்கள் இடது நெஞ்சில், காம்போடு ஏறி நின்றது. நீங்கள் குரல் பிசகாமல் பாட்டு முழுவதையும் பாடி முடித்தீர்கள். இரத்தம் ஒழுகியது. அண்ணாவி சந்தோசப்பட்டு, "சாயம் நல்லாய்க் கலந்திருக்கு, இந்த நிறத்தைத்தான் நான் கேட்டனான்" என்றார். நான் ஓடிவந்து கத்தின பிறகுதான் நீங்கள் குனிந்து பார்த்தீர்கள். பார்த்த பிறகுதான் "ஆ" என்றீர்கள்.

எல்லாரும் உங்கள் பக்தியைப் புகழ்ந்தார்கள். நான் உங்கள் முகத்தைப் பார்த்தேன். நொந்தவனின் முகம் அது இல்லை. பிடிபட்டவனின் முகம்.

வெக்கை என்றீர்கள், நாரி என்றீர்கள், களைப்பு என்றீர்கள். ஒவ்வொரு பொய்க்கும் நான் ஒவ்வொரு பேயைக் கண்டு பயந்தேன். இனி ஏலாது. ஒரே ஒரு கேள்வி. நத்தார் மத்தியானம் என் கை அங்கே இருந்தது உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?

ஓம் அல்லது இல்லை. ஓடு, சலாகை, பாரை, சூடை ஒன்றும் வேண்டாம். மறுமொழி வராவிட்டால் மெஷினை ஏற்றிக்கொண்டு உப்புக்குளத்துக்குப் போவேன். மெஷின் போனால் நானும் போனதுதான் என்று உங்களுக்குத் தெரியும்.

றொஷேல்


கொழும்பு,
30.03.2025

அன்பின் றொஷேலுக்கு,

சுகம் விசாரிப்பதைக் கடைசியில் எழுதுகிறேன். முதலில் மறுமொழி.

இல்லை. தெரியாது.

நீர் எழுதும்வரை உமது கை அங்கே இருந்ததே எனக்குத் தெரியாது. தை மாதக் கடிதத்தை வாசித்துவிட்டு ஐஸ் அறைக்குள் போய் நெடுநேரம் நின்றேன். நீர் கை வைத்திருக்கிறீர், நான் கூரை ஓடுகளைப் பற்றிக் கதைத்திருக்கிறேன். டிலோஜன் வந்து கூப்பிட்டுத்தான் வெளியே வந்தேன்.

இடது பக்கம் செத்துக் கிடக்கிறது. வலது பக்கம் நேர்மாறு, சட்டை உரசினாலும் மின்சாரம் பிடித்தமாதிரி. வேலை முடிய ஐஸ்துண்டு ஒன்றை எடுத்து வைத்துப் பார்ப்பேன். வலதில் வைத்தால் உச்சந்தலையில் ஏறும். இடதில் அது உருகிச் சட்டை நனைந்த பிறகுதான் வைத்ததே நினைவு வரும்.

டொக்டர் முன்னமே சொன்னவர். மாதக்கணக்கில் மரத்திருக்கும், சிலருக்கு வருசம் போகும், மெல்ல மெல்லத் திரும்பும், சிலருக்குத் திரும்பாமலும் விடும் என்று விளக்கமாகச் சொன்னவர். நான் காதில் எடுக்கவில்லை. ஆம்பிளைக்கு அங்கே உணர்ச்சி எதற்கு என்று நினைத்தேன். உமது கை அங்கேதான் வருகிறது என்பதை அந்த நேரம் நினைக்கவில்லை, றொஷேல். பிறகு அதை மட்டும்தான் நினைக்கிறேன்.

வெட்கம் தீர வெட்டினேன். வெட்டினது இன்னொரு வெட்கமாக வந்து நிற்கிறது. ஊரெல்லாம் பார்க்கிற நெஞ்சு நல்லாகிவிட்டது, நீர் மட்டும் அறிந்த நெஞ்சு போய்விட்டது என்று உமக்கு எந்த வாயால் சொல்லுவேன்? அதனால்தான் பொய் சொன்னேன். உம்மில் ஒரு குறையும் இல்லை. உமக்குத் தோன்றிய அந்தப் பயத்துக்குக் கடவுள் என்னை மன்னிக்க வேணும்.

நீர் சுகமோ? மெஷினை ஏற்ற வேண்டாம்.

றொட்னி


கொழும்பு,
27.04.2025

அன்பின் றொஷேலுக்கு,

உயிர்த்த ஆண்டவரின் சந்தோசம் உமக்கும் அம்மாவுக்கும். நான் நல்ல சுகம், இந்தமுறை உண்மையாகவே.

பாஸ் முடிந்து ஒரு கிழமை, இன்னும் காதில் சத்தம் கேட்கிறது. சிலுவையில் நின்று பார்த்தேன். "அக்கா" என்று கூப்பிட்ட பெடியள் முன்வரிசையில்தான் இருந்தார்கள், இப்போது பிள்ளை குட்டியோடு. ஒருவன் கண்ணைத் துடைத்தான். எனக்கு வெற்றி பெற்ற மாதிரி இருக்கும் என்று நினைத்திருந்தேன். அப்படி ஒன்றும் இல்லை. இடுப்புத்துணி அவிழ்ந்துவிடுமோ என்ற பயம்தான் பெரிதாக இருந்தது. நீர் தைத்தது அவிழாது என்று பிறகு நினைத்துக்கொண்டேன்.

பெரியது அதுவல்ல. உயிர்ப்பு ஞாயிறு சாப்பாட்டுக்குப் பிறகு என்னைக் கண்ணை மூடச் சொல்லி, இனிமேல் சொல்லிவிட்டுத்தான் கை வைப்பேன் என்றீரே. "வைச்சிட்டன்" என்றீர். றொஷேல், எனக்குத் தெரிந்தது. இடது பக்கம்தான். மெல்லிய சூடாக, முந்தின மாதிரியே. உம்மிடம் "ஓம், தெரியுது" என்று உடனே சொன்னேன். டொக்டர் சொன்னது சரி, திரும்பி வருகிறது. இனி நீர் ஒன்றுக்கும் யோசிக்க வேண்டாம்.

மிகுந்த அன்புடன்,
றொட்னி


ஓலைத்தொடுவாய்,
04.05.2025

அன்புள்ள றொட்னிக்கு,

பெரிய மாதா உங்களைக் காக்கட்டும். மாமி சுகம். நான் ஒரு கிழமையாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

அந்த மத்தியானம் "வைச்சிட்டன்" என்று சொன்னேன். வைக்கவில்லை. இரண்டு கையும் என் மடியில்தான் இருந்தன.

ஏன் அப்படிச் செய்தேன் என்று கேட்பீர்கள். பங்குனியில் உண்மை எழுதின நீங்கள் சித்திரையில் வீட்டுக்கு வந்ததும் "கொஞ்சம் கொஞ்சமாய் வருகுது, யோசியாதையும்" என்று நாளுக்கு நாலுதரம் சொன்னீர்கள். நான் கேட்காமலே சொன்னீர்கள். உங்களை நான் அறிவேன். கேட்காமல் நீங்கள் சொல்லுகிறதெல்லாம் எனக்காக ஆக்கிப் படைக்கிறது. அதனால் சோதித்துப் பார்த்தேன். நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு, முகம் எல்லாம் சிரிப்பாக, "ஓம், தெரியுது" என்றீர்கள். நான் என் மடியைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

முதலில் ஆத்திரம் வந்தது. எழும்பிப் போய், உப்புக்குளத்துக்கு ஏற்ற மெஷினுக்கு உறையும் போட்டுவிட்டேன். பிறகு உங்கள் கடிதம் வந்தது. மெல்லிய சூடாம், முந்தின மாதிரியாம். அதை வாசித்து விக்கி விக்கி அழுதேன். பொய் சொன்னதற்காக அழவில்லை. இல்லாத கையை அவ்வளவு ஆசையாய் எழுதியிருக்கிறீர்களே, அதற்காக.

நான் சந்தேகக்காரி. என்னைத் திருத்த ஏலாது. அந்த நெஞ்சில் கை வைத்துவிட்டு, இது உண்மையோ பொய்யோ என்று ஆயுசு முழுக்க உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் ஏலாது. அதனால் ஒன்று கேட்கிறேன். தெரிந்தால் தெரியுது என்று சொல்லுங்கோ. தெரியாவிட்டால் தெரியேல்லை என்று சொல்லுங்கோ. நீங்கள் தெரியேல்லை என்று சொன்னால் நான் கையை எடுத்துவிடுவேன் என்று நினைத்தீர்களோ? விசரா. எடுக்கமாட்டேன்.

அது உங்களுக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரியும். கீழே இதயம் அடிக்கிறது என் உள்ளங்கையில் கேட்கும்.

மெஷினின் உறையை எடுக்கவோ, விடவோ என்று எழுதுங்கோ.

றொஷேல்


கொழும்பு,
11.05.2025

அன்பின் றொஷேலுக்கு,

நான் சுகம்.

நேற்றும் ஐஸ் வைத்துப் பார்த்தேன். வலது பக்கம் முன்னையைவிடப் பரவாயில்லை, சட்டை பட்டால் பொறுக்கலாம். இடது பக்கம் தெரியவில்லை. இன்றும் வைத்தேன். தெரியவில்லை.

உறையை எடும். சனிக்கிழமை நௌஷாட் நானாவின் லொறியிலேயே வாறன்.

றொட்னி